ஒரு டின் எனர்ஜி டிரிங்க் என்ன செய்துவிடும்?

டிக்கோயாக்காரன்:
உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. டியூஷன் விட்டதும் பிள்ளைகள் கடைக்குப் போய் ஆளுக்கொரு எனர்ஜி டிரிங்க் டின்னை உடைக்கிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான். பேனை பிடிக்கும்போது விரல் நடுங்குகிறது, விடிய விடிய முழித்திருக்கிறான். போலந்தில் 2024 ஜனவரியிலிருந்து 18 வயதுக்குக் கீழே இதை விற்கவே முடியாது. இங்கே இலங்கையிலும் அப்படி ஒரு சட்டம் வரவேண்டும்.

லொறி மச்சான்:
பெரிதாக்காதீங்க அண்ணே. 250 மில்லி டின்னில் கஃபீன் 80 மில்லிகிராம். இரண்டு கோப்பை சாயத் தேநீர் குடித்தால் கிட்டத்தட்ட அதே கணக்கு. காலையில் பெரட்டுக்கு, அதுதான் தோட்டத்தில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று என்று டீயிலேயே வளர்ந்த சனம் நாம். நுவரெலியாவிலிருந்து கொழும்புப் பக்கம் பேலியகொடைச் சந்தைக்கு இரவில் மரக்கறி ஏற்றிப் போகிறேன். இந்த டின் இல்லாமல் றம்பொடை மலை வளைவுகளில் இறங்க ஏலாது.

வார்டு மிஸ்ஸி:
80 சரி தம்பி. ஆனால் 500 மில்லி டின்னில் அது 160. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் சொன்ன அளவு, வளர்ந்தவருக்கு நாளைக்கு 400 மில்லிகிராம், பிள்ளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3. நாற்பது கிலோ பிள்ளைக்கு 120தான். பெரிய டின் ஒன்றிலேயே அது தாண்டிவிடுகிறது. சுடச்சுட பிளேன்டீயை ஊதி ஊதிக் குடிப்போம். குளிர்ந்த டின் இரண்டு மடக்கில் காலி, அதுவும் வெறும் வயிற்றில். நெஞ்சு படபடவென்று அடிக்காமல் என்ன செய்யும்? சின்ன டின்னில் சீனியே 27 கிராம்.

லொறி மச்சான்:
சீனியைப் பற்றி நாம் பேசலாமா மிஸ்ஸி? உள்ளங்கையில் சீனி வைத்து நக்கி நக்கி டீ குடிக்கிற ஊர் இது. சீனி இல்லாத டின்னும் கிடைக்குதே.

வார்டு மிஸ்ஸி:
சீனிதான் போகும், கஃபீன் அப்படியே இருக்கும். அதன் பாதியை உடம்பு கழிக்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இரவு பத்துக்குக் குடித்தால் மூன்று மணிக்கும் பாதி உள்ளே. அது களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். சாராயத்தோடு கலந்து குடிக்கிறவனும் அப்படித்தான், வெறி ஏறியது தெரியாமல் இன்னும் ஊற்றுவான். அப்புறம், எப்போதும் அசதி என்கிறவர்கள் முதலில் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள். தேயிலைத் தோட்டப் பக்கம் அது நிறைய.

சந்திக் கடை:
நான் விற்கிறவன். பிள்ளைகள் "அப்பாவுக்கு" என்று வாங்கிப் போகிறார்கள். நான் இல்லை என்றால் பக்கத்துக் கடை. குளிர்பெட்டி தந்த கம்பெனியோ இதைத்தான் கண்ணுக்கு நேரே அடுக்கச் சொல்கிறது.

டிக்கோயாக்காரன்:
கீழ்த் தட்டுக்கு மாற்றினால் கம்பெனிக்காரன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டா போவான்?

லொறி மச்சான்:
சரி, பிள்ளைகளுக்கு வேண்டாம், அதை ஒத்துக்கொள்கிறேன். என் கதை வேறு. விடிவதற்குள் மூட்டை இறங்க வேண்டும்.

வார்டு மிஸ்ஸி:
கம்பளையில் ஒரு டீ குடித்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் கண்ணயருங்கள். எழும்பும்போது டீயும் வேலை செய்யும், தூக்கமும் கொஞ்சம் தீர்ந்திருக்கும்.

லொறி மச்சான்:
கரட்டையும் லீக்ஸையும் ரோட்டில் வைத்துவிட்டா? முதலாளி நம்பர் தாறேன் மிஸ்ஸி, நீங்களே எடுத்துச் சொல்லுங்க.