1946-ல் இறந்த ஹோவர்ட் டி வால்டன் பிரபு 1985-ல் டெர்பி வென்றது எப்படி? உதவி தேவை

கேள்வி – ஏட்டுச்சுவடி:
வணக்கம். இங்கிலாந்துக் குலச்சின்னங்களை ஆராய்ந்த ஹோவர்ட் டி வால்டன் பிரபுவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 1880-ல் பிறந்து 1946-ல் இறந்தவர், போயர் போரில் சண்டையிட்ட குதிரைப்படை அதிகாரி. ஆனால் ஒரு குறிப்பில் 1985 டெர்பியில் அவருடைய குதிரை ‘ஸ்லிப் ஆங்கர்’ ஜெயித்ததாக இருக்கிறது. இன்னொன்றில் 1931-ல் மியூனிக்கில் அவர் கார் ஹிட்லர் மேல் மோதியதாம். குடும்பப் பெயரும் ஹோவர்ட் இல்லை, எல்லிஸ். எதை நம்புவது?

பதில் – பழையபேட்டை:
தம்பி, குழப்பம் பட்டத்தில்தான். அப்பா தாமஸ் எட்டாவது பிரபு. மகன் ஜான் ஒன்பதாவது, 1912-ல் பிறந்து 1999-ல் இறந்தவர். டெர்பியும் மியூனிக் கார் கதையும் மகனுடையவை. கார் கதையை ஜானே சொல்லியிருக்கிறார். அப்பாவும் பந்தயக் குதிரைகள் வைத்திருந்தவர் என்பதால் இருவரையும் கலந்துவிடுகிறார்கள்.

எல்லிஸ் என்பதும் சரிதான். 1597-ல் தாமஸ் ஹோவர்டுக்குக் கொடுத்த பட்டம் அது. பெண்வழியிலும் இறங்கும் என்பதால் எல்லிஸ் குடும்பத்துக்கு வந்தது. டி. இ. எல்லிஸ் என்ற பெயரில் இசைநாடகங்களுக்கு வரிகள் எழுதியவரும் அப்பாதான்.

பதில் – கொடிமரம்:
ஐயா சொன்னதோடு ஒன்று. கட்டுரையில் குலச்சின்ன ஆராய்ச்சிக்கு நிறைய இடம் கொடுங்கள், அவருடைய உயிர் அதில்தான் இருந்தது. 1301-ல் ஸ்காட்லாந்து விவகாரமாகப் போப் எட்டாம் போனிஃபேஸுக்கு ஆங்கிலப் பிரபுக்கள் பேரில் ஒரு கடிதம் தயாரானது. அதில் தொங்கும் முத்திரைகளை வைத்து ஒரு நூல் போட்டார். தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்துவிடும் காலத்தில் கேடயத்துச் சின்னம்தான் ஆளைக் காட்டும், அதே சின்னம் முத்திரையிலும் இருக்கும். 1904-ல் டியூடர் வம்ச மன்னர்கள் காலத்துக் கையெழுத்துப் பிரதி ஒன்றிலிருந்து கொடிகளையும் அடையாளச் சின்னங்களையும் அச்சில் கொண்டுவந்தார். அந்த நீளக் கொடிகளைப் பார்த்தால் கண்ணெடுக்க முடியாது: கம்பத்தை ஒட்டிப் புனித ஜார்ஜ் சிலுவை, அப்புறம் வால்வரை சின்னங்கள், நடுவே சாய்வாக ஓடும் முழக்க வாசகம்.

வேல்ஸில் சர்க் கோட்டையை 1911 முதல் குத்தகைக்கு எடுத்து வாழ்ந்தார். அங்கே கவசம் அணிந்தபடி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாராம், ஓவியர் அகஸ்டஸ் ஜான் பார்த்ததாகச் சொல்வார்கள். கதையாகவே எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி:
ரொம்ப நன்றி ஐயா, கொடிமரம். முதல் உலகப் போரிலும் இருந்தாரா?

பழையபேட்டை:
இருந்தார். துருக்கியில் கல்லிப்போலி, பிறகு ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் என்ற காலாட்படைப் பிரிவோடு பிரான்ஸ். தலைப்பிலேயே ‘8-வது’ என்று போட்டுவிடுங்கள், இனி யாரும் டெர்பியை இவர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.