மறு: நெட் நியூட்ராலிட்டிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'இணையச் சமத்துவம்' என்றே வைத்துவிடலாமே. மக்களுக்குப் பழகிய சொல்தானே?

ஐயா, வணக்கம்.

பழகிய சொல்தான், ஆனால் பொருள் இடிக்கிறது. சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே வேகம் என்று நினைத்துவிடுவார்கள். கூடுதல் காசு கட்டுபவருக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும். அதை நெட் நியூட்ராலிட்டி என்ற இந்தக் கொள்கை தடுக்கவில்லை. நான் கட்டிய காசுக்குரிய வேகத்தில் எந்தத் தளத்தைத் திறந்தாலும், ஒன்றை முந்தவிட்டு இன்னொன்றை இழுத்துப் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அடுத்து 'வலை நடுநிலை'. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-இல் வைத்த பெயருக்கு நேர்ச்சொல் அதுதான். ஆனால் காசிமேட்டுப் பக்கம் வலை என்றால் முதலில் மீன்வலை. நடுநிலை என்றாலோ, வம்பில் தலையிடாமல் ஒதுங்கி நிற்பது என்று ஆகிவிட்டது. இணைப்பு தரும் கம்பெனி எங்கே ஒதுங்கி நிற்கிறது? நாம் அனுப்புவதும் பெறுவதும் அதன் கை வழியாகத்தானே போகிறது?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். குடங்கள் வரிசையாக இருக்கும். நீலம், பச்சை, ஒடுங்கிய பித்தளை ஒன்று. குழாயைப் பிடித்திருப்பவர் தெரிந்தவர் குடத்தை மட்டும் முன்னால் இழுத்துவிட்டால் போதும், பின்னாலிருந்து குரல் வரும்: "இன்னாய்யா இது, ஓரவஞ்சனை?"

அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஓரவஞ்சனையற்ற இணையம். குழாய் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்துக் கேட்கும் சொல் அது.

> ரொம்ப நீளம். அதோடு எதிர்மறைச் சொல்.

நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். எதிர்மறையாக இருப்பது சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் சட்டமும் அப்படித்தான் பேசுகிறது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த ஒழுங்குமுறை, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வைப்பதைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். சில தளங்களை மட்டும் டேட்டா காசில்லாமல் திறக்கவிட்ட ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' இந்தியாவில் நின்றது அதனால்தான். அந்தத் தடையை 'ஓரவஞ்சனைக் கட்டணத் தடை' என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். 'சமத்துவம்' என்பதிலிருந்து இப்படி ஒரு சொல் கிளைக்குமா?

கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் காசிமேட்டு ஏல விலையைக் காலையில் காட்டும் ஒரு செயலி எழுதுகிறான் என்று வையுங்கள். பெரிய கம்பெனியின் செயலி டேட்டா கழியாமல் திறக்கிறது, இவனுடையது காசைத் தின்கிறது. இவன் செயலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் யார் திறப்பார்கள்? அவனுக்கு நடப்பதற்கு நம் மொழியில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், இப்படிச் சில செயலிகளுக்கு மட்டும் டேட்டா கழிக்காமல் விடும் ஜீரோ ரேட்டிங்குக்குக் 'கணக்கில்லாத் தரவு' என்ற பரிந்துரையும் வந்திருந்தது. அளவில்லாமல் அள்ளித் தருவது போல் ஒலிக்கிறது. 'கழியாத் தரவு' எப்படி? "இதுக்கு டேட்டா கழியாது சார்" என்றுதானே ரீசார்ஜ் கடையிலும் சொல்கிறார்கள்?