எர்ன்ஹார்ட், பியர்சன் முன்னாடி இப்ப ஓட்டுறவங்க நிப்பாங்களா? (அமெரிக்க கார் ரேஸ் நாஸ்கார் சண்டை)

கருப்புகார்3:
நேத்து நைட்டு தூக்கம் வராம 2000ல டாலடேகா டிராக்ல நடந்த ரேஸை திரும்பவும் போட்டுப் பாத்தேன். முடிய அஞ்சு லாப் (சுத்து) இருக்கும்போது டேல் எர்ன்ஹார்ட் 18வது இடம், கார் எங்க இருக்குன்னே தெரியல, அப்புறம் கென்னி வாலஸ் பின்னாடி இருந்து தள்ள தள்ள அந்தக் கருப்பு மூணாம் நம்பர் கிடைச்ச சந்துல எல்லாம் புகுந்து முதல் ஆளா வந்து நிக்குது. 76வது வெற்றி. கடைசி வெற்றியும் அதான், நாலு மாசத்துல டேடோனா ரேஸ்ல மனுஷன் போய் சேந்துட்டாரு. இப்ப இருக்கறவங்கள்ல ஒருத்தன் இப்படி ஓட்டுவானா? லார்சன், லோகானோ, பைரன் எல்லாம் எனக்கு ஐடி கம்பெனி பசங்க மாதிரிதான் தெரியுது, ரேஸ் முடிஞ்சா ஸ்பான்சர் பேரை வரிசையா ஒப்பிச்சிட்டு கிளம்பிடுறாங்க.

சிம்ரிக்_சிவா:
ஆரம்பிச்சிட்டாருய்யா 😂 அண்ணே, 2024 கான்சஸ் ரேஸ் பாத்தீங்களா இல்லையா? லார்சன் பியூஷரை ஜெயிச்ச வித்தியாசம் 0.001 செகண்ட். உங்க பொற்காலத்துல 1965 டார்லிங்டன் ரேஸ்ல ஜெயிச்சவரு ரெண்டாவது ஆளை விட 14 லாப் முன்னாடி. பதினாலு லாப்! கிட்டத்தட்ட 19 மைல். அவரு முடிச்சிட்டு குளிச்சு சாப்ட்டு வந்திருக்கலாம். அன்னைக்கு நல்ல கார் இருந்ததே நாலஞ்சு பேர்கிட்ட, மத்தவன் எல்லாம் கூட்டத்துக்கு. இப்ப 2022ல இருந்து வந்திருக்கிற கார்ல சேஸிஸ் (அடிச்சட்டம்) எல்லாருக்கும் ஒரே சப்ளையர், பாதி பார்ட்ஸ் ஒண்ணுதான், அதுல ஒருத்தன் 2021 லார்சன் மாதிரி ஒரே சீசன்ல 10 ரேஸ் ஜெயிக்கட்டும் பாப்போம். (2021 பழைய கார்தான், தெரியும், யாரும் திருத்த வராதீங்க.)

கருப்புகார்3:
திருத்த வரல தம்பி, நீயே உன் பாயிண்ட்டை கெடுத்துக்கிட்டே. சரி பியர்சனுக்கு பதில் சொல்லு. டேவிட் பியர்சன் 574 ரேஸ்ல 105 ஜெயிப்பு, அஞ்சரை ரேஸுக்கு ஒண்ணு. பவர் ஸ்டியரிங் கிடையாது, கார் உள்ள அடுப்பு மாதிரி சூடு. இதுல மூணு சாம்பியன்ஷிப். உங்க லார்சன் 2025 சாம்பியன்ஷிப்பை ஃபீனிக்ஸ்ல எப்படி ஜெயிச்சாரு? ஃபைனல்ல ஒரு லாப் கூட லீட் பண்ணல. 200 லாப்புக்கு மேல முன்னாடி ஓடின ஹாம்லின் கடைசி நேரத்துல எல்லாரையும் மெதுவாக்குற மஞ்சக் கொடி வந்து நாலு டயர் மாத்தினாரு, இவரு ரெண்டு மட்டும் மாத்தி சீக்கிரம் வெளிய வந்தாரு, கப் இவருக்கு. இதுக்குப் பேரு சாம்பியனா? வருஷம் பூரா சேத்த பாயிண்ட்ல ஜெயிச்சவரு எர்ன்ஹார்ட், அதுவும் ஏழு தடவை.

பிட்ரோடு_பத்மா:
அந்த ஃபீனிக்ஸ் கதையில தப்பு, கடைசி ஒரு ரேஸை வச்சே கப் குடுத்த ரூல்ல, ஓட்டுனவன் மேல எதுக்கு பழி? ஹாம்லின் பாவம்தான், அன்னைக்கு நானே டிவியை ஆஃப் பண்ணிட்டேன்.

நான் ஷார்லட் பக்கம் இருக்கேன், இங்க நாஸ்கார் மியூசியம் ஹால் ஆஃப் ஃபேம்ல ஒரு சரிவுப் பாதை வச்சிருக்காங்க, போகப் போக சாய்ஞ்சுக்கிட்டே போய் கடைசியில டாலடேகா வளைவோட 33 டிகிரி வந்துரும். அதுல பழைய கார்லாம் ஒட்ட வச்ச மாதிரி நிக்குது. கீழ நின்னு அண்ணாந்து பாத்தா வயித்தைக் கலக்கும், கார் ஓடாமலே. எர்ன்ஹார்ட் இதுல மூஞ்சியை மூடாத ஹெல்மெட்டு, ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டு 300 கிலோமீட்டர்ல போனவரு. ஆனா அதைத் தைரியம்னு கொண்டாட எனக்கு மனசு வரல. 2000 மே மாசத்துல இருந்து அவரு போற வரைக்கும் ஒம்பது மாசத்துல நாலு பேர் ஒரே மாதிரி மண்டையோட்டு அடிப்பகுதி உடைஞ்சு செத்தாங்க, ஆடம் பெட்டிக்கு 19 வயசு. இவரு போன அப்புறம்தான் 2001 அக்டோபர்ல தலையையும் கழுத்தையும் பிடிக்கிற ஹான்ஸ் மாதிரி பாதுகாப்பு சாதனத்தை கட்டாயம் ஆக்குனாங்க. அதுக்கப்புறம் நாஸ்காரோட மூணு பெரிய சீரிஸ்லயும் ரேஸ்ல ஒருத்தரும் சாகல. 2020ல ரயன் நியூமன் கார் பல்டி அடிச்சதைப் பாத்து போச்சுன்னே நெனச்சோம், ரெண்டு நாள்ல பொண்ணுங்க கையைப் பிடிச்சிட்டு ஆஸ்பத்திரியில இருந்து நடந்து வந்தாரு. பயம் கொறஞ்சதால தெறமை கொறஞ்சிருச்சுன்னு ஆகாதுல்ல?

கருப்புகார்3:
அக்கா நீங்க சொன்னா ஒத்துக்கறேன், சிவா சொன்னா மாட்டேன்.

சிம்ரிக்_சிவா:
என் பேரைக் கண்டாலே அலர்ஜி 😂 சரி இதுக்கு வாங்க. 1999 பிரிஸ்டல், கடைசி லாப், எர்ன்ஹார்ட் டெர்ரி லபான்டியை இடிச்சு சுத்த விட்டுட்டு ஜெயிச்சாரு, ஸ்டேடியமே கத்தி கூப்பாடு போட்டுச்சு, ஆனா வெற்றி அவருக்கே. 2024 ரிச்மண்ட்ல அதே மூணாம் நம்பர் கார்ல ஆஸ்டின் டில்லன் கடைசி லாப்ல லோகானோவை இடிச்சு, அடுத்து ஹாம்லினையும் இடிச்சு ஜெயிச்சான். ட்ராஃபியை விட்டு வச்சாங்க, அந்த வெற்றியால கிடைச்ச பிளேஆஃப் (சாம்பியன்ஷிப் கடைசிக் கட்டம்) இடத்தைப் பிடுங்கிட்டாங்க. அவரு பண்ணா வீரம், இவன் பண்ணா ரவுடித்தனமா? அதே கார், அதே நம்பர், அதே வேலை!

மூன்ஷைன்_மணி:
ரவுடித்தனம்னு வந்தா பழைய டிரைவர் ஜூனியர் ஜான்சனை விட்டுட்டு பேசறீங்களே. கள்ளச்சாராயம் கடத்தி போலீஸ்கிட்ட இருந்து தப்பிச்சு ஓட்டியே பழகுன ஆளு, ஜெயிலுக்கும் போனாரு, 1986ல அதிபர் ரீகன் மன்னிப்பு குடுத்தாரு. 1960 டேடோனாவுல அவரோட கார் வேகம் பத்தல, முன்னாடி போற வேகமான காருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா காத்து தடுக்காதுன்னு கண்டுபிடிச்சு அந்த ரேஸையே ஜெயிச்சாரு. இன்னைக்கு எல்லாரும் டிராஃப்டிங் டிராஃப்டிங்னு சொல்றது அதான்.

அப்புறம் யாரும் பழைய சாம்பியன் ரிச்சர்ட் பெட்டியை மறைந்த ஜாம்பவான் லிஸ்ட்ல போட்றாதீங்க, மனுஷன் தொப்பியும் கண்ணாடியுமா இன்னும் டிராக்குக்கு வந்துட்டு இருக்காரு.

சிம்ரிக்_சிவா:
அந்த மாதிரி கண்டுபிடிப்பு இன்னைக்கும் இருக்கு மணியண்ணே. 2022 மார்ட்டின்ஸ்வில் கடைசி லாப்ல ராஸ் சேஸ்டெயின் அஞ்சாவது கியர் போட்டு, ஸ்டியரிங்கை விட்டுட்டு, காரை சுவத்துல சாய்ச்சு அப்படியே அழுத்திட்டான். அஞ்சு பேரை தாண்டி ஃபைனலுக்குப் போனான், சின்ன வயசுல கேம் ஆடறப்போ பழகுனதுன்னு அவனே சொன்னான். பைரன் வீட்டுல கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல ஆரம்பிச்சவன், 2024, 2025 ரெண்டு டேடோனா 500ம் அவன்தான். ஐடி கம்பெனி பசங்கன்னு இனிமே சொல்லாதீங்க.

பிட்ரோடு_பத்மா:
அந்த மார்ட்டின்ஸ்வில் ரேஸ்ல நான் அங்க தாங்க இருந்தேன்!! நாலாவது வளைவு பக்கம். கையில அந்த ஊர் சிவப்பு ஹாட்டாக், அது மேல டயர்ல இருந்து வந்த கருப்பு ரப்பர் துகள், துடைச்சிட்டு நிமிர்றேன், ஒரு கார் மட்டும் வேற வேகத்துல, டிவியை ஃபாஸ்ட் பார்வர்ட் பண்ண மாதிரி சுவத்தோரமா தீப்பொறியோட போகுது. ஆக்சிலரேட்டர் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். சுத்தி யாருக்கும் ஒண்ணும் புரியல, பெரிய ஸ்கிரீன்ல திரும்பப் போட்டப்பதான் ஓன்னு சத்தம்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். 1997ல எர்ன்ஹார்ட் ஒரு ரேஸ் கூட ஜெயிக்கல, அதை யாரும் பேசறதில்ல. ஜிம்மி ஜான்சனும் ஏழு சாம்பியன்ஷிப்தான், 83 வெற்றி, எர்ன்ஹார்ட்டை விட ஏழு அதிகம், ஆனா கடைசி மூணு வருஷம் ஜெயிக்காம ஓட்டுனதை நம்ம கண்ணால பாத்துட்டோம், அதனால அவரு பேரு இந்த த்ரெட்ல இவ்ளோ நேரம் வரவே இல்ல பாருங்க.

கருப்புகார்3:
ஜிம்மி ஜான்சன் விஷயம் உறைக்குது, சரி. ஆனா சுவத்துல சாய்ச்சு ஓட்டுறதை அடுத்த வருஷமே கூடாதுன்னுட்டாங்க. 1976 டேடோனாவை யாரும் தடை பண்ண முடியாது. கடைசி வளைவுல ரிச்சர்ட் பெட்டியும் பியர்சனும் முட்டிக்கிட்டு ரெண்டு காரும் நொறுங்கி புல்லுல கெடக்கு, பெட்டியோட இன்ஜின் நின்னு போச்சு. பியர்சன் சுத்திக்கிட்டு இருக்கறப்பவே கிளட்சை மிதிச்சு இன்ஜினை அணையாம காப்பாத்தி, மாட்டு வண்டி வேகத்துல உருட்டிக்கிட்டு வந்து கோட்டைத் தாண்டினாரு. அந்த அரை செகண்ட் மூளை இப்ப எவனுக்கு இருக்கு?

சிம்ரிக்_சிவா:
மூளை இருந்தாலும் முடியாது அண்ணே. இப்ப 18 இஞ்ச் வீல், ஒல்லி டயர். நாலும் காத்து போச்சுன்னா அடிப்பாகம் தரையில உக்காந்துரும், ஆக்சிலரேட்டரை எவ்ளோ மிதிச்சாலும் வீல் சும்மா சுத்தும், டோ வண்டி வந்துதான் இழுக்கணும்.

கருப்புகார்3:
அப்ப பழைய காராச்சும் நல்ல கார்னு ஒத்துக்க.

சிம்ரிக்_சிவா:
கார் ஓகே 😂