கலைச்சொல்: சன்னல் ஸ்டிக்கரில் வரும் யூ-ஃபேக்டர், எஸ்.எச்.ஜி.சி.

> அமெரிக்காவில் வீடு வாங்கும் தமிழர்களுக்கான கையேடு இது. சன்னல் வழியே வெப்பம் எவ்வளவு கடந்து போகிறது என்பதைச் சொல்லும் யூ-ஃபேக்டருக்கு ‘வெப்பக் கடத்து எண்’ என்றும், மேலே விழும் வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்பதைச் சொல்லும் எஸ்.எச்.ஜி.சி.க்கு (Solar Heat Gain Coefficient) ‘சூரிய வெப்ப ஈட்டுக் கெழு’ என்றும் போட்டிருக்கிறேன். குழுவினர் பார்த்துச் சொல்லவும்.

வணக்கம் ஐயா,

இரண்டிலுமே எனக்குத் தயக்கம். ‘கடத்து’ என்றதும் பள்ளிப் பாடத்து வெப்பக் கடத்துதிறன்தான் நினைவுக்கு வரும். அது பொருளின் பண்பு: கண்ணாடிக்கு ஒன்று, அலுமினியத்துக்கு ஒன்று. அமெரிக்காவில் சன்னல்களை மதிப்பிடும் அமைப்பான என்.எஃப்.ஆர்.சி.யின் ஸ்டிக்கரில் உள்ள யூ-ஃபேக்டர் கண்ணாடி, அதன் விளிம்பு, சட்டம் எல்லாம் சேர்ந்த முழுச் சன்னலுக்கானது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றாலும் கடந்து போகும் வெப்பம் அதில் அடக்கம். (கண்ணாடி நடுப்பகுதியின் எண்ணை மட்டும் சொல்லி விற்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்!) ‘வெப்பக் கசிவெண்’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் காற்றுக் கசிவும் அதே ஸ்டிக்கரில் வருவதுண்டு, குழப்பிவிடும். ‘வெப்பக் கடப்பெண்’ எனலாமா?

‘ஈட்டு’ இன்னும் சிக்கல். ஈட்டுவது நல்லது என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மினசோட்டா குளிருக்குச் சரி, ஃபுளோரிடாவில் ஏசி செலவுதான் ஏறும். 2023-இல் நடைமுறைக்கு வந்த எனர்ஜி ஸ்டார் (அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கனச் சான்று) விதியில் தென் மண்டலச் சன்னலுக்கு எஸ்.எச்.ஜி.சி. 0.23-ஐத் தாண்டக் கூடாது; வட மண்டலத்தில் குறைந்தது 0.17-ஆவது இருக்க வேண்டும். ஓரிடத்தில் உச்சவரம்பு, இன்னோரிடத்தில் அடிவரம்பு. ஆகவே ‘வெயில் வரவு விகிதம்’. வரவு நல்வரவாகவும் இருக்கலாம், வேண்டாத வரவாகவும் இருக்கலாம். ‘ஊடுருவல்’ வேண்டாம்: கண்ணாடி உறிஞ்சிப் பிறகு உள்ளே விடும் வெப்பமும் இக்கணக்கில் சேரும். அச்சொல்லை, கண்ணாடி வழியே வெளிச்சம் வருவதைக் குறிக்கும் ‘ஒளி ஊடுருவலுக்கு’ வைத்துக்கொள்வோம்.

அன்புடன்

---

ஐயா,

வெயில் வரவு அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘கடப்பெண்’ மட்டும் வேண்டாமே. வேகமாகப் படித்தால் கண் ‘பெண்’ணில்தான் போய் நிற்கிறது :-) தவிர, யூ-ஃபேக்டருக்கு அலகு உண்டு, வெறும் எண் அன்று. ‘வெப்பக் கடப்பளவு’ என் பரிந்துரை.

அலகைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அமெரிக்க ஸ்டிக்கரில் இருப்பது பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) கணக்கு. அதை 5.68-ஆல் பெருக்கினால்தான் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கும் வாட் கணக்கு வரும். அங்கே 0.30 என்பது இங்கே ஏறக்குறைய 1.7. ஊரிலிருக்கும் கட்டடப் பொறியாளரிடம் 0.30 என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டார்.