உதவி தேவை: கட்டணச் சாலைக் கணக்கில் இஐஆர்ஆர் 34% வருகிறது, எங்கே இடிக்கிறது?

புறவழி:
வணக்கம். ஒரு கட்டணப் புறவழிச் சாலைக்குப் பொருளாதார மதிப்பீடு போய்க்கொண்டிருக்கிறது. எக்செல் ஷீட் இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்தது. நிதிக் கணக்கில் எஃப்ஐஆர்ஆர் (முதலீட்டாளருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் வீதம்) 11%, பொருளாதாரக் கணக்கில் இஐஆர்ஆர் (சமூகம் முழுவதற்கும் கிடைக்கும் ஆண்டு வருவாய் வீதம்) 34%. "இவ்வளவு லாபமான சாலையைப் போடாமலா இத்தனை நாள் விட்டுவைத்திருப்பார்கள்?" என்கிறார் மேலதிகாரி. ஃபார்முலாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாயிற்று, எரர் எதுவும் இல்லை. பயன்கள் பக்கத்தில் நேரச் சேமிப்பு, வாகன இயக்கச் செலவுச் சேமிப்பு, சுங்க வருவாய், நில மதிப்பு உயர்வு நான்கும் இருக்கின்றன. காலம் 25 ஆண்டு. எங்கே தேடுவது?

மூன்றாம்மைல்:
ஃபார்முலாவில் தேடினால் கிடைக்காது. நீங்கள் சொன்ன பட்டியலிலேயே இருக்கிறது. முதலில் நில மதிப்பைத் தூக்குங்கள். பயண நேரம் குறைவதால்தான் அந்த மனைகளின் விலை ஏறுகிறது. நேரத்தை ஒருமுறை எண்ணியாயிற்று, அதையே விலையாக மறுபடி எண்ணியிருக்கிறார்கள். சுங்கமும் அப்படித்தான். வண்டிக்காரர் பையிலிருந்து சாலை நடத்துபவர் கைக்குப் போகும் பணம், அவ்வளவே. நிதிக் கணக்குக்கு அது உயிர்நாடி. பொருளாதாரக் கணக்கில் அதற்கு இடமில்லை.

கழிவுவீதம்:
மேலே சொன்னது பெரும்பாலும் சரி, ஆனால் சுங்கத்தை மொத்தமாக அடித்துவிடாதீர்கள். ஒரு சின்ன எண் கணக்கு:

பழைய சாலையில் ஒரு பயணத்துக்கு நேரமும் எரிபொருளும் சேர்த்து 50 அலகு ஆகிறது. புதிய சாலையில் அதே பயணம் 34, சுங்கம் 6, ஆக வண்டிக்காரருக்கு 40. ஏற்கெனவே போய்வரும் 10,000 வண்டிகளுக்கு வளச் சேமிப்பு (நேரத்திலும் எரிபொருளிலும் நிஜமாக மிஞ்சுவது, 50 − 34) தலைக்கு 16, மொத்தம் 1,60,000. அவர்கள் கட்டும் சுங்கம் இதற்குள்ளேயே அடக்கம், தனியாகச் சேர்க்கக் கூடாது.

சாலை வந்ததால் புதிதாகக் கிளம்பும் 2,000 வண்டிகளின் கதை வேறு. 50 ஆகும்போது வராதவர்கள், 40 ஆனதும் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் 49-லேயே வந்திருப்பார், இன்னொருவர் 41 வரை இறங்கினால்தான் வருவார். அதனால் சராசரியாகப் பாதிப் பயன்: 2,000 × 10 ÷ 2 = 10,000. இவர்கள் கட்டும் சுங்கம் 12,000 உண்மையான கூடுதல் பயன், ஏனென்றால் இவர்களுக்கு 34-க்கு மேல் கொடுக்க மனம் இருக்கிறது. கூட்டினால் 1,82,000.

உங்கள் ஷீட் 12,000 வண்டிகளுக்கும் முழு 16-ஐப் போட்டு, எல்லாச் சுங்கத்தையும் மேலே ஏற்றியிருந்தால் 2,64,000 வரும். போய்ப் பாருங்கள்.

புறவழி:
அப்படியேதான் இருந்தது! திருத்தியதும் 23%. இன்னும் அதிகமாகத் தெரிகிறதே?

மூன்றாம்மைல்:
"திட்டம் இல்லாவிட்டால்" என்ற நெடுவரிசையில் 20-ஆம் ஆண்டு வேகம் என்ன போட்டிருக்கிறது?

புறவழி:
மணிக்கு 3 கி.மீ.

மூன்றாம்மைல்:
நடந்து போனாலே 5 கி.மீ. போகலாம் :) உதாரணமாக, ஆண்டுக்கு 7% வளர்ச்சி என்று வைத்து 25 ஆண்டுக்கு இழுத்தால் போக்குவரத்து 5.4 மடங்கு ஆகிவிடும். பழைய சாலை அதைத் தாங்கவே தாங்காது. நிஜத்தில் மக்கள் நேரத்தை மாற்றுவார்கள், வேறு வழி பிடிப்பார்கள், பயணத்தையே விடுவார்கள். சந்திப்பைச் சீர்செய்வது, சிக்னலைத் திருத்துவது என்று குறைந்தபட்ச வேலைகளும் நடக்கும். அந்த நிலையோடு ஒப்பிடுங்கள். என் அனுபவத்தில் பெருத்த இஐஆர்ஆர் பெரும்பாலும் இந்த நெடுவரிசையில்தான் ஒளிந்திருக்கும்.

கழிவுவீதம்:
இன்னொன்று. வரியும் சுங்கம் போலக் கைமாறும் பணம்தான், அதனால் கட்டுமானச் செலவில் வரியைக் கழித்திருப்பார்கள், அது எல்லோரும் செய்வது. எரிபொருள் சேமிப்பிலும் கழித்தார்களா? செலவில் கழித்து, பயனில் விட்டுவைத்தால் இரண்டு பக்கமும் உங்களுக்கே சாதகமாகச் சாய்ந்துவிடும்.

புறவழி:
எரிபொருளில் கழிக்கவில்லை. இரண்டையும் சரிசெய்ததும் 14%. இப்போது எஃப்ஐஆர்ஆர் 11%, இஐஆர்ஆர் 14%. வித்தியாசம் சின்னதுதானே, தனியாரே முழுப் பணத்தையும் போட்டுக் கட்டிவிடலாமா?

கழிவுவீதம்:
அவசரப்படாதீர்கள். நிதிக் கணக்கில் பணவீக்கம் ஏற்றியிருக்கிறதா?

புறவழி:
ஆம், 5%. பொருளாதாரத் தாள் நிலையான விலையில், அதாவது பணவீக்கம் ஏற்றாமல்.

கழிவுவீதம்:
அப்படியானால் இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. 1.11 ÷ 1.05 = 1.057, உண்மை எஃப்ஐஆர்ஆர் 5.7% மட்டுமே. அதை முதலீட்டாளரின் மூலதனச் செலவோடு (பணம் திரட்ட அவருக்கு ஆகும் ஆண்டு வீதம்) ஒப்பிடுங்கள், அதுவும் பணவீக்கம் நீக்கிய எண்ணாக இருக்கட்டும். இஐஆர்ஆரைச் சமூகக் கழிவு வீதத்தோடு (வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைக்க அரசு அல்லது வங்கி வைக்கும் வீதம்) ஒப்பிடுங்கள். அது யாருக்கு அறிக்கை கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது: ஆசிய வளர்ச்சி வங்கி 12%-ஐ விட்டு 2017-இல் 9%-க்கு வந்தது, பிரிட்டன் அரசு முதல் 30 ஆண்டுக்கு 3.5% வைக்கிறது. சமூகத்துக்கு லாபம், சுங்கம் மட்டும் முதலைத் திருப்பாது என்ற இடத்தில்தான் அரசு மானியத்துக்கு வாதம் எழும்.

அனுப்பும் முன் உணர்திறன் சோதனை ஒன்று ஓட்டுங்கள், அதாவது செலவையும் பயனையும் மாற்றிப் போட்டு முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஃப்ளூவ்பியர்க் என்ற ஆய்வாளரின் குழு 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சாலைகளின் செலவு மதிப்பீட்டைத் தாண்டிச் சராசரியாக 20% ஏறியிருந்தது, ரயிலுக்கு 45%.

புறவழி:
செலவு 20% கூட, பயன் 20% குறைய ஓட்டிப் பார்த்தேன், 9.6%. எங்களுக்கு வரம்பு 9%. இரண்டு தாளையும் நிலையான விலைக்கு மாற்றி, மானியத்துக்குத் தனிப் பத்தி சேர்த்து அனுப்புகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.