பழைய கிறிஸ்தவக் கோயில் கூரையில சோலார்: கீழருந்து தெரியுமா, தெரியாதா?

கூரை_குமார்:
முந்தின இழையில வரலாற்றுப்பித்தன் எழுதுனத படிச்சதுலருந்து மனசே ஆறல. "இங்கிலாந்துல பழைய கோயில் கூரை பூரா சோலார் போட்டு அசிங்கம் பண்றாங்க, காணிக்கைக் காசும் போச்சு, அழகும் போச்சு"ன்னு எழுதிட்டுப் போயிட்டார். அண்ணே, நான் பதினோரு வருசமா இங்க பேனல் மாட்டுற வேலைதான் பாக்குறேன். இங்க பழைய கோயில் பெரும்பாலும் கிழக்கு பாத்துக் கட்டினது, அதனால கூரையில ஒரு பக்கம் முழுசா தெக்க பாத்துக் கெடக்கும், வெயில் விழுற பக்கமே அதுதான். நிறைய கோயில்ல ஈயத்தகடு கூரை, சரிவு கம்மி, ஓரத்துல கைப்பிடிச்சுவர் வேற. அதுக்குப் பின்னால படுக்கவச்சு மாட்டினா கீழ நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. குளோஸ்டர் பேராலயத்துல 2016லயே 150 பேனல் போட்டாச்சு. கீழருந்து எவன் கண்ணுக்குத் தெரிஞ்சுது?

வரலாற்றுப்பித்தன்:
குளோஸ்டர் கதை இருக்கட்டும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் சேப்பல் கூரையில 2023ல 438 பேனல் போட்டாங்களே, பழைய கட்டடங்களப் பாதுகாக்குற ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பே ஆட்சேபிச்சும் கேக்காம. போன ஏப்ரல்ல பையனைக் கூட்டிட்டு எதிர்ல இருக்குற கிரேட் செயின்ட் மேரிஸ் கோபுரத்துல 123 படி ஏறினேன். மேல போய்ப் பாத்தா கூரை நெடுக கறுப்பா மின்னுது. பையன் கேக்குறான், "அப்பா, கோயில் ஒழுகுதா, தார்ப்பாய் விரிச்சிருக்காங்க?"ன்னு. எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு.

கூரை_குமார்:
கோபுரத்துல ஏறி நின்னா தெரியத்தான் செய்யும். நான் எழுதுனது கீழருந்து. கீ-ழ-ரு-ந்-து. அந்தக் கூரையில ஈயத்தகட மாத்துற வேலை எப்படியும் நடக்க வேண்டியிருந்துச்சு, சாரம் கட்டுன கையோட பேனலையும் ஏத்துனாங்க. சாரத்துக்கு என்ன செலவாகும்னு தெரிஞ்சவன் இத வீண்னு சொல்லமாட்டான்.

ஜெபா_லீட்ஸ்:
ரெண்டு பேரும் கண்ணுக்குத் தெரியுதா தெரியலையான்னே அடிச்சிக்கிறீங்க, காசு யாரு குடுக்குறதுன்னு ஒருத்தரும் பேசல. எங்க சபையில ஞாயித்துக்கிழமை நாப்பது பேர் வந்தா பெரிசு. வாரம் பூரா பூட்டிக்கிடக்குற கோயில்ல திங்கள்லருந்து சனி வரைக்கும் வர்ற கரண்ட யாரு எரிக்கிறது? சோலார் கரண்டுக்குக் காசு குடுக்குற ஃபீட்-இன் டாரிஃப் திட்டம் 2010ல வந்துச்சு, அது இருந்தவரைக்கும் இருபது இருபத்தஞ்சு வருசத்துக்குக் காசு வரும்னு துணிஞ்சு போட்டாங்க. அது 2019 மார்ச்சோட புதுசா சேர்றவங்களுக்கு மூடியாச்சு. இப்ப கிரிட்டுக்கு அனுப்புற கரண்டுக்குக் கம்பெனி குடுக்குற ரேட்டு, பெரும்பாலும் நாம வாங்குற ரேட்டவிடக் கம்மிதான். அதுபோக எங்களுக்குப் பெரிய பில்லே கேஸ் பாய்லர்தான். டிசம்பர்ல நாலு மணிக்கு இருட்டிரும், அப்ப அந்தப் பேனல் என்னத்த சூடேத்தும்?

கூரை_குமார்:
அக்கா, உங்க கேள்வி நியாயம், ஆனா பதில் இருக்கு. 2024 பிப்ரவரிலருந்து இந்த மாதிரி தர்மக் கட்டடங்களுக்கும் பேனலுக்கு வாட் (VAT) வரி கிடையாது, இருபது சதவீத வரி அப்படியே மிச்சம். கிழமை நாள்ல ஃபுட் பேங்க், குழந்தைங்க குரூப் நடத்துற கோயிலுக்குப் பகல் கரண்ட் அங்கயே செலவாயிரும். பூட்டியே வச்சிருக்குற கோயிலுக்கு நானே வேணாம்னுதான் சொல்வேன். 2030க்குள்ள கார்பன் சுத்தமாக் குறைக்கணும்னு 2020ல இங்கிலாந்துத் திருச்சபையோட பொதுச்சபை, அந்த சினட்டே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணினது, நான் கிளப்பிவிட்டது இல்ல.

என் வயித்தெரிச்சல் வேற. போன வருசம் ஒரு கிராமத்துக் கோயில், பேரு வேணாம். கோயில் கட்டடத்துல கைவைக்கணும்னா திருமண்டல நீதிபதி, அதான் சான்சலர்கிட்ட ஃபேகல்டிங்கிற அனுமதி வாங்கணும்ல, அதுக்கு முன்னாலயே ஒருத்தர் "கல்லறைத் தோட்டத்துலருந்து தெரியும்"னு ஆட்சேபம் எழுதிப் போட்டுட்டார். நான் பிளைவுட் பலகைக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு கூரையில சாச்சு வச்சு, சபை நிர்வாகி வார்டனும் நானும் இன்னும் ரெண்டு பேரும் கல்லறைக்கு நடுவுல அரைமணி நேரம் சுத்துனோம். ஒண்ணும் தெரியல. யூ மரத்துக்கிட்ட ஒரே ஒரு இடத்துல நின்னு எக்கிப் பாத்தா ஒரு மூலை. அவ்வளவுதான். அந்த மூலைக்காக எட்டு மாசம் கிடப்புல கெடந்துச்சு, கடைசில சபையே கைவிட்டுருச்சு.

வரலாற்றுப்பித்தன்:
ஆக தெரிஞ்சுது. உங்க வாயாலயே வந்துருச்சு. நன்றி.

கூரை_குமார்:
எக்கிப் பாத்தான்னு எழுதியிருக்கேன்யா! யூ மரத்தடியில எக்கிக்கிட்டு நின்னு ஜெபம் பண்றவன் யாரு?

நெல்லை_எட்வின்:
எங்க பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் 1826ல பிரதிஷ்டை பண்ணினது, இன்னைக்கும் கம்பீரமா நிக்குது. அது மேல பேனல் மாட்டணும்னு எவனாவது வந்தா ஊரே திரண்டுரும். வெயிலே இல்லாத நாட்டுல உக்காந்துகிட்டு சோலார் பாடம் எடுக்காதீங்க குமார்.

கூரை_குமார்:
ஊசிக்கோபுரத்துல மாட்டச் சொன்னேனா? ஊசி மேல எங்க மாட்டுறது? இங்க வெயில் இல்லேன்னா கிங்ஸ் காலேஜுக்கு வருசத்துக்கு ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல வரும்னு ஏன் கணக்குப் போட்டான்?

வரலாற்றுப்பித்தன்:
எட்வின் சொல்றதுல தப்பில்ல, ஆனா அவரும் போன வருசம் பழைய சுண்ணாம்புச் சுவத்துக்கு சிமெண்ட் பூசலாம்னு என்கிட்ட மல்லுக்கட்டின ஆள்தான். அவர் பாரம்பரியத்தப் பத்திப் பேச வேண்டாம்.

நெல்லை_எட்வின்:
சிமெண்ட் பூசலாம்னு நான் சொல்லல, ஒழுகுற இடத்துல மட்டும்னு சொன்னேன். அந்த இழையத் தேடி எடுத்துப் போடுங்க பாப்போம்.

ஜெபா_லீட்ஸ்:
காணிக்கைக் கணக்கு கேட்டேன், அத அப்படியே விட்டுட்டீங்க. வாட் மிச்சம் சரி, பேனலோட விலை எங்கருந்து வரும்?

கூரை_குமார்:
வரேன் அக்கா, ஒரு நிமிசம். பித்தன், ஒரே கேள்வி. கிங்ஸ் பரேடு ரோட்டுல, சேப்பல் எதிர்ல, தரையில காலை ஊனி நின்னு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. அதுல 438ல எத்தன தெரியுதுன்னு எண்ணுவோம்.

வரலாற்றுப்பித்தன்:
ரோட்டுல மட்டும் ஏன் நிக்கணும்? ஆத்துக்கு அந்தாண்ட புல்வெளியில நின்னு பாத்திருக்கீங்களா?

கூரை_குமார்:
புல்வெளியும் தரைதான். எடுத்துப் போடுங்க. ஜூம் பண்ணக்கூடாது.