தீயில் வெந்த சுவர்மண்ணுக்குக் கலைச்சொல்: ‘வரிச்சுமண்’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அகழாய்வுப் பதிவேடுகளில் இடம்பெறும் கட்டுமானப் பொருள்களின் பெயர்களை ஒழுங்குசெய்து வருகிறோம். செங்கல், பச்சைச் செங்கல், ஓடு, காரை, சுதை ஆகியவற்றில் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை. இழுபறியில் நிற்பது ஒன்றுதான். கழிகளை நட்டு, அவற்றின் குறுக்கே மிலாறுகளையோ மூங்கில் பிளாச்சுகளையோ கட்டி, அந்தத் தட்டியின்மேல் குழைத்த மண்ணை அப்பி எழுப்பிய சுவர் தீப்பிடிக்கும்போது, மரம் சாம்பலாகிவிடுகிறது. மண் வெந்து இறுகிக் கட்டிகளாக நிலைத்துவிடுகிறது. இந்த மண்ணை ஆங்கிலத்தில் ‘டாப்’ (daub) என்றும், அதைத் தாங்கிய தட்டியை ‘வாட்டில்’ (wattle) என்றும் வழங்குகிறார்கள். தமிழுக்கு இதுவரை வந்துள்ள பரிந்துரைகள் ‘சுடுமண் பூச்சு’, ‘களிமண் சாந்து’, ‘மெழுகுமண்’, ‘வரிச்சுமண்’ என்பன. இவற்றுள் கடைசிச் சொல்லை ஏற்கலாம் என்பது என் கருத்து.

‘சுடுமண்’ என்ற சொல்லை இந்தப் பொருளுக்கு எந்த வடிவிலும் பயன்படுத்தக் கூடாது என்பதை முதலில் வலியுறுத்த விரும்புகிறேன். சுடுமண் என்று நாம் எழுதும்போது, ஒருவர் மண்ணை வடிவாக்கிச் சூளையில் வைத்து, வேண்டுமென்றே சுட்டார் என்ற பொருள் அதில் அடங்கியிருக்கிறது. கீழடியில் கிடைத்த கூரை ஓடுகளைப் பாருங்கள்: சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவதற்குத் துளை, மழைநீர் வழிந்தோட விரலால் இழுத்த பள்ளம் என்று ஒவ்வொன்றும் சுடுவதற்கு முன்பே திட்டமிடப்பட்டது. அது சுடுமண். நாம் பேசும் கட்டியோ, பச்சை மண்ணாகவே பயன்படுவதற்காக அப்பப்பட்டது. அதைக் கட்டியவர் அது வேக வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டியதில்லை. வெந்தது விபத்தாலா, பகையாலா, வீட்டாரே வைத்த தீயாலா என்பது அகழாய்வாளர் ஆராய்ந்து விடை காண வேண்டிய கேள்வி. பெயரிலேயே அந்த விடையை எழுதிவிட்டால் ஆராய்ச்சிக்கு இடமிருக்காது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இன்றைய உக்ரைன், மால்டோவா, ருமேனியா நாடுகளில் பரவியிருந்த குக்குத்தேனி–திரிப்பிள்ளியா பண்பாட்டின் குடியிருப்புகளில், பொ.மு. 5000-க்கும் 3000-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த வீடுகள் பெருமளவில் எரிந்த நிலையிலேயே கிடைக்கின்றன. உழுநிலத்துக்குச் சற்றுக் கீழே, வெந்த மண் செக்கச் செவேலென்று நீள்சதுர மேடையாகப் பரந்து கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றைத் தோண்டிய விக்கெந்தி ஹ்வோய்கா, இவை வீடுகள் அல்ல, இறந்தோருக்கான சடங்கிடங்கள் என்று கருதினார். வீடுகள் என்ற முடிவு பின்னால்தான் உறுதிப்பட்டது. ஆனால் அங்குள்ள ஆய்வாளர்கள் அந்த மேடைகளுக்கு இட்ட ‘ப்ளோஷ்சாட்கா’ என்ற பெயர் ‘மேடை’ என்ற அளவிலேயே நின்றது. விளக்கம் மாறியபோதும் பழைய பதிவேடுகள் பயனற்றுப் போகவில்லை. நாமும் கையில் எடுத்துப் பார்த்தால் தெரிவதை மட்டுமே சொல்லும் பெயரைத் தேட வேண்டும்.

அப்படிக் கையில் எடுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? கைப்பிடியளவு கட்டி ஒன்றில் பொதுவாக ஒரு முகம் ஓரளவு சமமாக இருக்கும். சில வேளை அதில் விரல் இழுத்த கோடுகள் தெரியும், சில வேளை மெல்லிய வெள்ளைப்பூச்சு ஒட்டியிருக்கும். மறுமுகத்தில் அரைவட்டக் குழிவாகத் தடங்கள் ஓடும். இரண்டு தடங்கள் குறுக்கிட்டால், தட்டி எப்படிப் பின்னப்பட்டது என்பதைக் கணிக்கலாம்; குழிவின் வளைவை அளந்தால் கழியின் பருமன் கிடைக்கும்; தடம் தட்டையாகவும் மரநார்களின் வரியோடும் இருந்தால், முழுக்கழி அன்று, பிளந்த மரம் என்று அறியலாம். உடைந்த விளிம்பைப் பார்த்தால் வெளிப்புறம் சிவந்தும் உள்ளே கறுத்தும் இருக்கும்; மண்ணோடு கலந்த வைக்கோலும் உமியும் காற்றுப் போதாமல் முழுவதும் எரியாமல் நின்றதே அந்தக் கருமை. உமி எரிந்துபோன இடத்தில் அதன் அச்சு மட்டும் நிற்கும். பலுசித்தானத்து மெஹர்கரில் வெயிலில் காய்ந்த மண்செங்கற்களில் பதிந்திருந்த இத்தகைய அச்சுகளைக் கொண்டே தொல்பயிர் ஆய்வாளர் லொரென்சோ கொஸ்தன்தீனி அங்குப் பயிரான பார்லி, கோதுமை வகைகளை இனங்கண்டார். ஆக, இந்தக் கட்டி ஒரே சமயத்தில் சுவரின் ஆவணமாகவும் வயலின் ஆவணமாகவும் இருக்கிறது.

‘பூச்சு’, ‘சாந்து’ ஆகிய சொற்கள் பொருந்தாமைக்கு வேறு காரணம் உண்டு. பூச்சு என்பது ஏற்கெனவே நிற்கும் சுவருக்கு மேல் இடும் மெல்லிய படலம். சாந்து என்பது கல்லையும் கல்லையும் இணைப்பது. பூசவும் பயன்படுவதால் அதன் பொருள் இப்போதே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, மூன்றாவதாக ஒன்றை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். நாம் பேசும் பொருளோ சுவரின் உடலே ஆகும். ‘மெழுகுமண்’ என்றால் சாணம் கரைத்துத் தரை மெழுகுவதுதான் யாருக்கும் நினைவு வரும்.

எனவே ‘வரிச்சுமண்’. குறுக்கே வைத்துக் கட்டும் சிம்பை வரிச்சு, வரிச்சல் என்கிறோம். இலங்கையில் இந்தச் சுவர்முறை இன்றும் அறியப்பட்டது. சிங்களத்திலும் அதை ‘வரிச்சி’ என்றே வழங்குகிறார்கள். வழக்கிலுள்ள சொல்லிருக்கப் புதிதாகப் புனைவானேன்? தீயில் வெந்ததைத் ‘தீப்பட்ட வரிச்சுமண்’ என்று அடைகொடுத்து எழுதலாம்.

கழித்தடம் எதுவும் இல்லாமல், அடுப்பின் உட்சுவரா தரையா சுவரா என்று பிரித்தறிய முடியாத கட்டிகளை ‘வெந்தமண்’ என்று மட்டும் பதிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிரித்தானியப் பதிவு முறையிலும் செயற்பாடு தெரியாத கட்டிகளை இப்படித் தனியே வைப்பது உண்டு.

அன்புடன்,
தொகுப்புக் குழுவிலிருந்து

——

ஐயா, வணக்கம்.

‘சுடுமண்’ வேண்டாம் என்பதில் எனக்கும் முழு உடன்பாடு. ‘வரிச்சுமண்’ என்பதில் இரண்டு தடைகளைக் காண்கிறேன்.

முதலாவது சிறியது. தமிழ்நாட்டில் பலருக்கு வரிச்சு என்றதும் கூரைதான் நினைவுக்கு வரும். ஓடுகளையும் கீற்றையும் தாங்குவதற்காகக் கைமரங்களின் குறுக்கே கட்டுவது அது. கூரையிலிருந்து விழுந்த மண் என்று மாணவர் ஒருவர் பொருள்கொண்டால் அவரைக் குறை சொல்ல இயலாது. எனினும் வரையறை எழுதிச் சமாளித்துவிடலாம்.

இரண்டாவது தடையைச் சமாளிக்க இயலாது என்று நினைக்கிறேன். தாங்கள் காட்டிய திரிப்பிள்ளியா வீடுகளையே எடுத்துக்கொள்வோம். அங்கே வெந்து கிடக்கும் மண்ணில் பெரும்பகுதி சுவரிலிருந்து வந்தது அன்று. பிளந்த மரங்களை நெருக்கி அடுக்கி, அவற்றின்மேல் கனமாக மண் அப்பி அமைத்த தளத்திலிருந்து வந்தது. அந்தத் தளம் நிலத்தின்மேலேயே இருந்ததா, மேல்மாடியாக இருந்து எரிந்து விழுந்ததா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அந்தக் கட்டிகளில் வரிச்சின் தடமே இருக்காது. பலகையின் தட்டையான தடம்தான் இருக்கும். மண் அதே மண், அதே கூளக் கலவை, அப்பிய முறையும் அதுவே. இதை ‘வரிச்சுமண்’ என்று பதிந்தால், சுடுமண்ணைப் பற்றித் தாங்கள் சொன்ன அதே குறை, அதாவது பெயரே விளக்கத்தை முந்திக்கொள்ளும் குறை, இங்கும் நேரும்.

ஆகவே பொருளின் பெயர் தாங்கியின் பெயரைச் சுமக்காமல், செயலின் பெயரைச் சுமக்கட்டும். குழைத்த மண்ணைக் கையால் எடுத்து அறைந்து ஒட்டுவதற்கு நம்மிடம் ‘அப்புதல்’ என்ற மிகச் சரியான வினை இருக்கிறது. பூசுதல் வேறு, அப்புதல் வேறு என்பது சுவர் வைக்கும் எவருக்கும் தெரியும். ‘அப்புமண்’ என்பது என் பரிந்துரை. (யாழ்ப்பாணத்தில் அப்பு என்றால் வீட்டுப் பெரியவர் என்று நண்பர்கள் சிரிக்கலாம், மண்ணோடு சேரும்போது அந்த மயக்கம் எழாது.) அதில் காணும் அச்சுகளைத் தனிக் கட்டத்தில் ‘கழித்தடம்’, ‘பிளாச்சுத்தடம்’, ‘பலகைத்தடம்’, ‘கயிற்றுத்தடம்’ என்று குறிக்கலாம்.

இந்தியச் சான்றுகளுக்கும் இது வசதியாக இருக்கும். பீகாரின் சாரண் மாவட்டத்திலுள்ள சிராந்தில், புதிய கற்கால அடுக்குகளில் நாணல் அல்லது மூங்கில் தடங்களோடு வெந்த மண்கட்டிகள் கிடைத்தன. அங்குத் தட்டிச்சுவர் வீடுகள் இருந்தன என்பதற்கு அவை நேரடிச் சான்று. நாணலை நெருக்கி நிறுத்திக் கட்டிய தட்டியில் குறுக்கு வரிச்சின் தடம் ஒவ்வொரு கட்டியிலும் விழுந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மராட்டியத்தில் கோட் ஆற்றங்கரையிலுள்ள இனாம்காவின் செம்புக்கால வீடுகளில் கீழே தாழ்வான மண்சுவரும், அதன்மேல் தட்டியில் மண் அப்பிய சுவரும் இருந்தன. ஒரே சுவரில் இரண்டு முறைகள். கீழ்ப்பகுதியிலிருந்து வரும் கட்டியில் தடம் இராது. அது அப்புமண்ணும் அன்று, படைபடையாக வைத்த மண்சுவர். இந்த வேறுபாட்டைப் பதிவேடு காட்டியாக வேண்டும்.

பெயரோடு பதிவு முறையையும் சேர்த்து வரையறுத்தால் நன்று. எண்ணிக்கை மட்டும் எழுதும் பழக்கம் இந்தப் பொருளுக்கு உதவாது. ஒரு கட்டி கூடையில் போட்டதும் ஐந்தாக உடையும். எடைதான் நிலையான அளவு. அகழாய்வுக் குழியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாக எடை எழுதினால், எடை மிகுந்த கட்டங்களின் ஒழுங்கிலேயே சுவர் விழுந்த திசை புலப்படக்கூடும். குறைவாக வெந்த கட்டியைத் தண்ணீரில் கழுவினால் அது மீண்டும் சேறாகிவிடும். தூரிகையால் உலர்நிலையில்தான் தூய்மை செய்ய வேண்டும். சமமுகம் எது, தடமுள்ள முகம் எது, கழியின் விட்டம் என்ன, கலவையில் என்ன கூளம், நிறம் எப்படி மாறுகிறது என்பவற்றை எழுதிய பிறகே எதையும் கழிக்கலாம்.

பணிவுடன்,
ஒரு களப்பணியாளர்

——

இருவருக்கும் நன்றி. நான் மண்கட்டடம் கட்டுபவன். தொல்லியல் படித்தவன் அல்லன். ஆனால் ‘தீப்பட்ட’ என்ற அடைமொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

தீப்பிடித்த மண்வீட்டில் சுவர் முழுவதும் செங்கல்லைப் போல வெந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் கூரை எரிந்து விழும். சுவரின் மேற்பரப்பு கறுக்கும். உள்ளே மண் பச்சையாகவே நிற்கும். மழை வந்தால் அது கரைந்துபோகும். களிமண் தன் கட்டமைப்புக்குள் இருக்கும் நீரை இழந்து, திரும்பக் குழையாத நிலையை அடைவதற்கு ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். உருகிக் கண்ணாடித்தன்மை பெற இன்னும் பல நூறு பாகை ஏற வேண்டும். செர்பியாவின் ஒபோவோ களத்தில் எரிந்த வீடுகளின் இடிபாடுகளை ஆராய்ந்த மிரியானா ஸ்தெவனோவிச், அங்குத் தோன்றிய உயர் வெப்பத்தையும், வீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே எரிந்திருப்பதையும் காட்டி, அவை வேண்டுமென்றே எரிக்கப்பட்டவை என்று வாதிட்டார். உக்ரைனின் நெபெலிவ்காவில் திரிப்பிள்ளியா முறையில் வீடு கட்டி, 2015-இல் எரித்துப் பார்த்த சோதனையிலும், அகழாய்வில் காண்பது போன்ற இடிபாடு உண்டாக வீட்டின் மரம் மட்டும் போதாது, வெளியிலிருந்து பெருமளவு விறகு சேர்க்க வேண்டும் என்பது தெரிந்தது.

ஆகவே ‘தீப்பட்ட’ என்று ஒரே சொல்லில் முடித்தால், மேலெழுந்தவாரியாகக் கருகியதும் உருகிக் குமிழ்விட்டதும் ஒன்றாகிவிடும். பதிவேட்டில் ‘கருகிய’, ‘வெந்த’, ‘உருகிய’ என்று மூன்று நிலைகளாகவாவது பிரியுங்கள். கருகியது தண்ணீரில் கரையும், வெந்தது கரையாது, உருகியதில் கண்ணாடிப் பளபளப்பும் குமிழ்த்துளைகளும் தெரியும். இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. உடைந்த துணுக்கு ஒன்றும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும்.

பெயரைப் பொறுத்தவரை ‘அப்புமண்’ எனக்கும் இயல்பாகவே படுகிறது. ஆனால் ‘வரிச்சு’ என்ற சொல்லைக் கைவிட வேண்டாம். மண்ணுக்குத்தான் அது பொருந்தவில்லையே தவிர, தட்டியின் குறுக்குச் சிம்புக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. நெடுக்காக நடுவதற்குக் ‘கழி’, குறுக்காகக் கட்டுவதற்கு ‘வரிச்சு’, இரண்டும் சேர்ந்த முழு அமைப்புக்குத் ‘தட்டி’ என்று வைத்துக்கொண்டால், ‘கழித்தடம்’, ‘வரிச்சுத்தடம்’ என்ற இரண்டும் வெவ்வேறு அளவீடுகளாகப் பதிவேட்டில் அமையும். சுவரின் உறுதியைக் கணிக்க எனக்கு இரண்டும் தனித்தனியே வேண்டும்.

ஏற்பு இருந்தால் பதிவு இப்படி அமையலாம்: “அப்புமண்: தட்டியின்மேலோ பலகையின்மேலோ குழைத்து அப்பிய, கூளம் கலந்த மண், தாங்கியின் தடம் உள்ளபோது மட்டும் இப்பெயரால் பதிக. தடம் இல்லாதது வெந்தமண். தீயின் நிலை: கருகிய, வெந்த, உருகிய.” படைபடையாக வைத்த சுவர்மண்ணுக்குத் தனிப்பெயர் இன்னும் முடிவாகவில்லை, ‘படைமண்’ என்று சொல்லலாமா என்பதை அடுத்த மடலில் எழுதுங்கள்.